முத்தட்டு வேண்டுதல்

மயில்சாமி தன் இடது கை பழுதாகிவிட்டதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பூவாத்தாளுக்கு அது புதுச் செய்தியாக இருந்திருக்காது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றித் தருகிறவள் புருஷன் உடம்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தறிச் சத்தத்தைக் கேட்டாலே போதும். வலது கை கயிற்றை இழுத்தால் நூல் சுமந்த நாடாக் கட்டை குறுக்கே ஓடும். இடது கை பலகையை இழுத்து அடித்தால் ஊடை நூல் நெருங்கி உட்காரும். இரண்டு நாளாக நாடா ஓடுகிற சத்தம் பழையபடிதான் இருந்தது. பலகை அடிக்கிற சத்தம் மட்டும் தொண்டை கட்டியவன் பேச்சைப் போல அமுங்கிக் கேட்டது. எழுந்து போய்த் துணியைத் தடவிப் பார்த்தாள். ஊடை நெருங்காமல் இளசாக விழுந்திருந்தது.

"கைக்கு என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. நீ நூலச் சுத்து."

ஒன்றுமில்லை என்று சொன்ன கையை அவன் மடியில் வைத்து மறைத்துக்கொண்டதையும் அவள் பார்த்தாள். வேறு சமயமாக இருந்தால் விட்டுத் தொலைத்திருப்பாள். தறிக்காரன் கை சுளுக்குவதும் நாலு நாளில் சரியாவதும் குமாரபாளையத்தில் நடக்காத அதிசயமில்லை. ஆனால் வருகிற புதன்கிழமை, மாரியாத்தா கோயிலில் பண்டிகைக்கு நட்டிருக்கும் கம்பத்துக்கு எதிரே, ஊர் பார்க்க, அந்தக் கையின் மேல்தான் அவன் தன் உடம்பு முழுவதையும் தூக்கிப் போட வேண்டியிருந்தது. அப்படி அவன் ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டிருந்தான்.

தை மாதம் அவர்கள் மகள் சௌந்திரத்துக்கு அம்மை போட்டிருந்தது. நாலு வயசுக் குழந்தை. மேட்டூரில் அணை கட்டி முடித்த மறுவருஷம் அது. ஆற்றோரத் தெருக்களில் வீட்டுக்கு வீடு வேப்பிலை தொங்கியது. முத்து கண்ணுக்குள்ளும் இறங்கிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்ன அன்று, உச்சி வெயிலில் மயில்சாமி கோயிலுக்கு ஓடினான். மற்றவர்கள் கண்மலர் சாத்துகிறேன், கிடாய் வெட்டுகிறேன், நெருப்புச் சட்டியான பூவோடு எடுக்கிறேன் என்று வேண்டுவார்கள். இவன், "ஆத்தா, எம் புள்ளையக் குடுத்துரு, உன்ற பண்டிகையில உன் எதுக்க முத்தட்டு மூணு போடறேன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தான். அதைப் பார்த்து ஆத்தாளுக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் பதில் கிடையாது. தன்னிடம் இருப்பதில் எது உசத்தியோ அதைக் கொடுக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

தண்டால் எடுக்காத இளவட்டம் அந்த ஊரில் இல்லை. நெஞ்சைத் தரைக்கு இறக்கி ஏற்றுவது யாருக்கும் வரும். கொஞ்சம் தேறினவன் தரையை உந்தி, உடம்பு அந்தரத்தில் நிற்கிற கண நேரத்தில் இரு கையையும் சேர்த்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை ஊன்றுவான். முத்தட்டு என்பது வேறு. நெஞ்சுக்குக் கீழே ஒரு தட்டு, முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டு, மறுபடி நெஞ்சுக்குக் கீழே ஒரு தட்டு, அப்புறம்தான் கை தரைக்கு வரும். கை வர நேரமானால் முகம் வந்துவிடும். ஆற்றுக்கு இக்கரையில் அதைப் போடுகிறவன் மயில்சாமி ஒருத்தன்தான். ஊருக்கு அதில் பெருமை. அவனுக்கு அதைவிடப் பெருமை.

குழந்தை பிழைத்தது. கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, கன்னத்தில் நாலு தழும்போடு ஆத்தா இறங்கிவிட்டாள். அம்மை இருந்த வீட்டில் எண்ணெய்க் குளியல் ஆகாது, தேகப் பயிற்சியும் ஆகாது. அந்த வாரங்களில் மயில்சாமி கோதாப் பக்கமே போகவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்ததும், ஊரில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிய கையோடு, நேராகக் கோதாவுக்குப் போய் எடுத்த எடுப்பில் முத்தட்டையே போட்டான். அங்கேதான் கை மடங்கியது.

கை மடங்கிய கதையை அவளுக்குச் சொன்னவன் லாசர். சேலத்துப் பக்கத்துக் கிறிஸ்தவ வேதக்காரன், இங்கே சாயப்பட்டறையில் வேலை. மயில்சாமிக்குச் சம வயசு. கோதாவில் இருவரும் ஒருவருக்கொருவர் காவல். ஒருவன் தண்டாலுக்கு இறங்கினால் மற்றவன் பக்கத்தில் குத்துக்காலிட்டுக் கண் வைத்திருப்பான். அவன் வாசலில் நின்றுகொண்டே பேசினான்.

"ஒடம்பு ஆறிக் கெடக்குது, மொதல்ல கைக்கு அடியில பலகை வெச்சுப் போடு, ஒத்தத் தட்டுல ஆரம்பின்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டனுங்க அம்மணி. கேக்கல. முழங்கைய வெறைச்சுக்கிட்டு, வெரலச் சேத்து வெச்சுக்கிட்டு வந்து எறங்குனான். எலும்பு முறிஞ்சிருக்காது, நரம்புதான் பெசகியிருக்குது. அதே கையில இன்னொருக்கா அப்பிடி உழுந்தான்னா..."

அவன் முடிக்கவில்லை. பூவாத்தாள் மனசுக்குள் முடித்துக்கொண்டாள். இடது கை போனால் தறிப் பலகை அடிக்க ஆள் இல்லை. பலகை இல்லாவிட்டால் தறி இல்லை. தறி இல்லாத மயில்சாமியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வைத்தியரிடம் போய்க் கட்டுப் போடலாம் என்றால், உளுந்து மாவோடு முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துத்தான் அவர் கட்டுவார். காப்புக் கட்டிய தெருவுக்குள் முட்டை நுழைய முடியுமா? புளிய இலையை வேக வைத்து, பழைய சேலைத் துணியில் அவளே கட்டிவிட்டாள்.

"ஏனுங்க, இதுக்குப் பதிலாப் பூவோடு எடுத்துக்கலாமுங்க. நானும் கூட எடுக்கறேன்."

"ஆத்தாகிட்ட ஒண்ணச் சொல்லிப்போட்டு இன்னொண்ணச் செய்யறதா? குடுத்த புள்ளையத் திருப்பிக் கேட்டான்னா?"

அவள் ஒன்றும் துணிச்சல்காரி அல்ல. இப்போதும் பகலில் பத்துத் தரம் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள்தான். வேண்டுதல் தவறினால் பிள்ளைக்கு ஆகாது என்கிற பயம் அவனுக்கு இருந்த அளவு அவளுக்கும் இருந்தது. கூடவே கையைப் பற்றிய பயமும் இருந்தது. ஒரு பயத்தை இறக்கி வைத்தால் மற்றது ஏறிக்கொண்டது.

"அப்பப் பூக் கேட்டுப் பாத்தரலாமுங்க" என்றாள் கடைசியில். "அவளே பூவோடு போதுமுன்னு சொல்லீட்டா உங்களுக்கும் கொறையில்ல."

மயில்சாமி, "செரி, கேக்கறேன்" என்றான்.

பூக் கேட்பது அந்தச் சீமையில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். எது எதுவென்று தெரியாதபடி இலையில் மடித்து நூல் சுற்றி ஆத்தா காலடியில் வைப்பார்கள். கேட்கிறவன் கேள்வியை மனசுக்குள்தான் கேட்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. குழந்தை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆத்தா சரி என்கிறாள். சிவப்பு வந்தால் கூடாது என்கிறாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள், அது ஆத்தா சொல்லாமல் விட்ட வார்த்தை.

பொட்டலம் கட்டுவது வீட்டுப் பெண்பிள்ளை வேலை. பூவாத்தாள் குளித்து, ஈரச் சேலையோடு உட்கார்ந்து, வெள்ளை அரளியை இலையில் வைத்து மடித்தாள். அடுத்த இலையை எடுத்தாள். செவ்வரளி பக்கத்திலேயே கிடந்தது. அவள் கை மறுபடியும் வெள்ளையை எடுத்தது. எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். எது வந்தாலும் வெள்ளை, கை பிழைத்தது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். ஆத்தாளிடம் அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று இருந்தாள்.

கோயிலில் நாச்சிமுத்துப் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். மயில்சாமி கண்ணை மூடி நின்றான். உதடு அசையவில்லை. சௌந்திரம் எட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை.

மற்றதைப் பூசாரி தட்டில் வைத்துத் திரும்புவதற்குள் பூவாத்தாள் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவன் முகத்தைப் பார்த்தாள். பல நாள் கழித்து அந்த முகம் தெளிந்திருந்தது. அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று.

"பூவோடு எடுத்தாப் போதுமுன்னுட்டாளுங்களா?"

"பூவோடா? அத எதுக்குக் கேக்கறேன்?" என்றான் அவன் சிரித்துக்கொண்டு. "இந்தக் கையோட போடறேன், நீ தாங்கிக்குவியான்னு கேட்டேன். தாங்கறேன்னுட்டா."

பூவாத்தாளுக்கு இடுப்பில் இருந்த பொட்டலம் நெருப்புத் துண்டாகச் சுட்டது. இல்லீங்க என்று சொல்ல வாயைத் திறந்தாள். பூசாரி பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அவள் கையிலும் காப்பு இருந்தது. காப்புக் கட்டிய கையால் ஆத்தாளையே ஏமாற்றியவள் என்று தெரிந்தால் ஊர் என்ன சொல்லும்? வாயை மூடிக்கொண்டு புருஷன் பின்னால் நடந்தாள்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் பெரும்பாடாகப் போயின. வீட்டுக்கு வந்தவுடன் மயில்சாமி கைக்கட்டை அவிழ்த்துத் தூரப் போட்டான். "அதான் ஆத்தா பாத்துக்கறேன்னுட்டாளே!" என்றான். கோதாவில் லாசர் பலகையைக் கொண்டுவந்து வைத்தால் காலால் தள்ளினான். அந்தப் பலகை புதிதாகப் பழகுகிறவர்களுக்கு உள்ளது. முழங்கால் உயரக் கல்லுகளின் மேல் அகலப் பலகையைப் போட்டு, கையை அதில் ஊன்றிக் காலைத் தரையில் வைத்தால் பாதிப் பாரம் காலுக்குப் போய்விடும், மணிக்கட்டுக்குச் சுமை குறையும். முத்தட்டு மயில்சாமிக்குப் பழகு பலகையா?

"இத்தன வருசம் அவன் கை முழுசா இருந்துதுன்னா, அவன் பாத்துப் பாத்துப் போட்டதுனாலதானுங்க அம்மணி" என்று லாசர் அவளிடம் குறைப்பட்டான். "தரையில ஒரு பரல் கெடந்தாக்கூடத் துண்டால அவனே கூட்டித் தள்ளுவான். மணிக்கட்ட உருட்டி உருட்டிச் சூடு பண்ணாம எறங்க மாட்டான். காலு அகட்டி இருக்குதா, வெரலு விரிஞ்சிருக்குதா, முழங்கை தளந்து வாங்குதா, அத்தனையும் பாப்பான். வயிறு தொங்கிச்சுன்னா அன்னைக்கு அதோட நிறுத்திக்குவான். இப்ப ஒண்ணத்தையும் பாக்க மாட்டேங்கறான். ஆத்தா, ஆத்தாங்கறான். உங்க சாமியப் பத்தி நான் என்னத்தச் சொல்றது?"

எங்கள் சாமி ஒன்றும் சொல்லவில்லை, சொன்னது நான்தான் என்று அவனிடமாவது கொட்டிவிட அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. புருஷனுக்குத் தெரியாததை அடுத்தவனிடம் சொல்வதா என்று விழுங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எப்படியும் சொல்லிவிடுவது என்று அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வந்தாள். அவன் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பன் கைய ஆத்தா புடிச்சுக்குவா கண்ணு, நீ பயப்படாதே" என்று கொஞ்சிக்கொண்டிருந்தான். வந்த வழியே திரும்பிப் போனாள். ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்றுகூட அவள் அப்போது பயப்படவில்லை. அந்த முகம் வாடுவதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். அதற்காக அடுப்பின் முன்னால் தன்னைத் தானே திட்டித் தீர்த்தாள்.

புதன்கிழமை காலையில் கோயில் முன்னால் எள் போட இடமில்லை. பவானியிலிருந்துகூடப் பரிசலில் ஆட்கள் வந்திருந்தார்கள். கம்பம் நட்ட நாளிலிருந்து ஊர்ப் பெண்கள் குடம் குடமாக அதற்கு மஞ்சள் நீர் ஊற்றியிருந்ததில், சுற்றிலும் தரை ஊறிப்போய்ச் சொதசொதவென்று கிடந்தது. வேப்பிலை மிதிபட்டு வழுக்கியது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூவாத்தாள் நின்றாள்.

மயில்சாமி கோயில் கிணற்றில் குளித்துவிட்டு, வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, சொட்டச் சொட்ட நேராக வந்தான். கையைத் துடைக்கவில்லை. மணிக்கட்டை ஒரு சுற்றுகூட உருட்டவில்லை. லாசரும் இன்னொருவனும் பலகையையும் கல்லையும் தூக்கிவந்து ஓரத்தில், காய்ந்த தரையில் போட்டிருந்தார்கள். "அட, எடுத்துட்டுப் போப்பா" என்று கூட்டம் சிரித்தது. மயில்சாமியும் சிரித்தான். "இங்கயாவது வா, தரை காஞ்சிருக்குது" என்று லாசர் கெஞ்சியதையும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பத்துக்கு நேர் எதிரே, அந்த ஈரத்திலேயே குப்புற இறங்கிக் கையை ஊன்றினான். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று காலை ஒட்ட வைத்துக்கொண்டான். மேளம் உச்சத்துக்கு ஏறியது.

பூவாத்தாள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைப் பார்த்தாள். வலது கை முழுசாகப் பதிந்திருந்தது. இடது கை மட்டும் பக்கவாட்டில் திரும்பி, விரல் நுனியில் நின்றது. வாய் எத்தனை ஆத்தா ஆத்தா என்றாலும் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையை ஊன்றவே முடியவில்லை, அதன் மேலா விழப்போகிறான்?

கூட்டத்தைத் தடுத்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அவள் ஓடினாள். அந்த வட்டத்துக்குள் பெண்கள் வரக்கூடாது என்று யாரோ கத்தினார்கள். குழந்தை வீரிட்டது. அவள் என்ன கத்தினாள் என்பது மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அதே கணம், வேண்டுதல்காரன் தயார் என்று பூசாரி கையைத் தூக்கினார். மேளம் பட்டென்று நின்றது. அந்த அமைதியில் அவள் குரல் ஊர் முழுக்கக் கேட்டது.

"போடாதீங்க! ஆத்தா ஒண்ணுமே சொல்லலீங்க! ரெண்டுமே வெள்ளப் பூவு! நாந்தான் கட்டுனேன்!"

அன்றிலிருந்து ஒளித்து வைத்து இன்று இடுப்பில் செருகி வந்த பொட்டலத்தை உருவி, நூலைப் பல்லால் கடித்துப் பிரித்துக் காட்டினாள். உள்ளே வாடிச் சுருண்ட வெள்ளை அரளி இருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "அடிப் பாதகத்தி, அந்தப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்று அலறினாள்.

"வந்தா எம் மேல வரட்டும்!" என்று பூவாத்தாள் திரும்பிக் கத்தினாள். சொல்லிவிட்டுக் குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மயில்சாமி ஊன்றிய கையோடு அப்படியே இருந்தான். மெல்ல முழங்காலை மடித்து உட்கார்ந்தான். அவன் முகத்திலிருந்த தெளிவு போய்விட்டது. எதைப் பார்க்கப் பயந்து இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாளோ, அதை அவள் இப்போது நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருந்தது. சேறு அப்பிய இடது கையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தான். மணிக்கட்டை மடக்கினான். பாதியில் நின்றுவிட்டது. பல்லைக் கடித்தான். பூக் கேட்ட நாளிலிருந்து அந்தக் கையை அவன் உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பூசாரிக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. "அவளுக்குண்டானதப் பொறவு பாத்துக்கலாம். நீ எந்திரி மயிலு. நானே பூக் கட்டறேன், இன்னொருக்கா மொறையாக் கேட்டரலாம்" என்றார்.

"வேண்டாமுங்க பூசாரி" என்றான் மயில்சாமி. "வெள்ளை வந்துதுன்னா மறுக்காவும் ஆத்தா மேலயே சாஞ்சுக்குவேன். வேண்டுனவன் நானு. நானே பாத்துப் போடறேன்." அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "உன் எதுக்க போடறேன்னுதானுங்க ஆத்தாகிட்டச் சொன்னேன். தரையில போடறேன்னு சொல்லல. பலகையில போட்டாக் குத்தமுங்களா?"

பூசாரி ஆத்தாளைத் திரும்பிப் பார்த்தார், கம்பத்தைப் பார்த்தார், அவன் கையையும் பார்த்தார். "எதுக்கதானே போடறே. போடு" என்றார்.

"லாசரு, பலகையக் கொண்டா."

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. "பழகற பசங்க பலகையா! இதப் பாக்கவா ஆறு தாண்டி வந்தோம்?" என்று ஒருவன் கேட்டான். "முத்தட்டாமா முத்தட்டு!" என்றான் இன்னொருவன். மயில்சாமிக்குக் காது சிவந்தது பூவாத்தாளுக்குத் தெரிந்தது. அவனுக்குக் கை வலியைவிட அந்தச் சிரிப்பு அதிகமாக வலிக்கும் என்பதும் தெரியும். ஆனாலும் அவன் சிரித்தவன் பக்கம் திரும்பவில்லை.

கம்பத்துக்கு எதிரே, கொஞ்சம் தள்ளி, ஈரம் எட்டாத இடமாகப் பார்த்துக் கல்லுகளைப் போடச் சொன்னான். பலகை ஆடுகிறதா என்று நாலு மூலையிலும் அழுத்திப் பார்த்தான். ஒரு மூலை ஆடியது. லாசர் ஓட்டுச் சில்லு ஒன்றை அடியில் கொடுத்தான். பலகையைத் துண்டால் துடைத்துவிட்டு, கால் ஊன்றுகிற இடத்தில் காய்ந்த மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தான். கையைத் துடைத்துப் புழுதியில் தேய்த்துக்கொண்டான். மணிக்கட்டுக்குத் துணியைச் சுற்றச் சொன்னான். அப்புறம் கையை உருட்டினான், தோளை உருட்டினான், சும்மாத் தண்டால் எடுத்தான், ஒற்றைத் தட்டுப் போட்டுப் பார்த்தான், நிறுத்தினான், மறுபடி உருட்டினான். கூட்டம் பொறுமை இழந்து கொட்டாவி விட்டது. மேளக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். பூவாத்தாள் அந்தத் தாமதம் ஒவ்வொன்றையும் ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் வாழ்க்கைப்பட்ட மனுஷன் திரும்பி வந்துவிட்டான் என்று அவளுக்கு அழுகை வந்தது.

அவன் இறங்கினான். காலை நன்றாக அகட்டிக்கொண்டான். லாசர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

முதல் உந்தல். உடம்பு பலகையை விட்டு எழும்பியது. முன்னால் ஒரு தட்டு, பின்னால் ஒரு தட்டு, மறுபடி முன்னால். கை வந்துவிட்டது. விரல் விரிந்து, முழங்கை தளர்ந்து, நெஞ்சு பலகை வரைக்கும் இறங்கி மெதுவாக வாங்கிக்கொண்டது. சத்தமே இல்லை. அவன் உடனே அடுத்ததற்குப் போகவில்லை. எழுந்து உட்கார்ந்து கையை மடக்கிப் பார்த்துவிட்டு, மூச்சு அடங்கியதும் இறங்கினான்.

இரண்டாவதும் வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எழுந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"போதும்டா" என்றான் லாசர் மெல்ல. "ரெண்டோட நிறுத்து. மிச்சத்த அடுத்த வருசம் போட்டுக்கலாம்."

மயில்சாமி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான். அஞ்சும் மடங்கின. "தாங்கும். தாங்கலீன்னா வலப்பக்கமாச் சாஞ்சு உருண்டுக்கறேன், நீ அக்கட்ட நின்னு என்ற தலையப் புடிச்சுக்க" என்றான். லாசர் எழுந்து வலப்பக்கம் போய் உட்கார்ந்தான். பூவாத்தாளுக்கு ஆத்தாளை வேண்ட வாய் வரவில்லை. வேண்ட அவளுக்கு ஏது முகம்? புருஷன் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது உந்தல். ஒரு தட்டு. பின்னால் ஒரு தட்டு. மூன்றாவது தட்டு கேட்டது. கை வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. வலது கை முதலில் விழுந்தது, இடது கை அதன் பின்னால் விழுந்து வெளிப்பக்கம் நழுவியது. அவன் அதை விறைத்துப் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுத்தான். உடம்பு வலப்பக்கம் சாய்ந்து, தோள் பலகையில் பட்டு, லாசரின் கைக்குள் தலை போய்ச் சேர்ந்தது. அப்படியே கிடந்தான்.

பூவாத்தாள் ஓடிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவன் கண்ணைத் திறந்து, இடது கையைத் தூக்கி அவள் முன்னால் நீட்டினான். விரலை மடக்கிக் காட்டினான். மடங்கியது. வீங்கத்தான் போகிறது, சித்திரை வரைக்கும் தறிப் பலகை அடிக்கவும் முடியாது. ஆனால் கை இருந்தது. அவள் ஊர் பார்க்கிறதே என்றுகூட இல்லாமல் அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

வேண்டுதல் தீர்ந்ததென்று எழுந்த குலவையும் மேளமும் அடங்கியதும் பூசாரி அவளைக் கூப்பிட்டார். அவருக்குக் கோபம் தணிந்திருந்தது. ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. "பண்ணுனதுக்கு மன்னாப்புக் கேட்டு, ஈரத்துணியோட கோயிலச் சுத்திக் கும்புடுதண்டம் போட்டுரு. மத்தது அவ பாடு, உன் பாடு" என்றார்.

பூவாத்தாள் மறுக்கவில்லை. குழந்தையை லாசரிடம் கொடுத்துவிட்டு, தலையில் ஒரு குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு, சன்னதிக்கு எதிரே சேற்றில் முகம் படிய விழுந்தாள். எழுந்து, கைபட்ட இடத்துக்கு நடந்து, மறுபடி விழுந்தாள். எம் புள்ளைய ஒண்ணும் பண்ணீராதே என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. எழுந்தபோது பக்கத்தில் இன்னொருவர் விழுகிற சத்தம் கேட்டது. மயில்சாமி வலது கையை மட்டும் ஊன்றி, இடது கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, சேற்றில் நீட்டிப் படுத்திருந்தான்.

"நீங்க எதுக்குங்க? எந்திரிங்க. கை!" என்று பதறினாள். "தப்புப் பண்ணுனது நானுங்க. வந்தா எம் மேல வரட்டுமுன்னு சொல்லிப்போட்டேன்."

"கேட்டுச்சு" என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டே. "உன்னய ஒரு வார்த்த கேக்காம வேண்டீட்டு வந்தவன் ஆரு? புள்ள நம்ம ரெண்டு பேருக்குந்தானே? வந்தா ரெண்டு பேரு மேலயும் வரட்டும்."

அவன் ஒற்றைக் கையால் எழுந்திருக்கத் தடுமாறினான். அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். இருவரும் ஓரடி நடந்து, ஒன்றாகக் கீழே விழுந்து கும்பிட்டார்கள். கோயிலைச் சுற்றி இன்னும் நெடுந்தூரம் இருந்தது.